குதிகாலா, முன்பாதமா? ஓடும்போது கால் எங்கே படணும்... ரீல்ஸ் சொல்றது என்ன, ஆய்வுகள் சொல்றது என்ன?

ஓட்டப் பயிற்சி பற்றிய ரீல்ஸ் பார்ப்பவர்களுக்கு இந்த வீடியோ பழக்கமானதுதான். கென்ய மாரத்தான் வீரர் எலியுட் கிப்சோகே ஸ்லோ மோஷனில் ஓடி வருவார். அவரது கால் தரையைத் தொடும் நொடியில் வீடியோ நிற்கும். பச்சை நிறத்தில் ஒரு டிக். அடுத்து பூங்காவில் ஓடும் சாதாரண ஆள் ஒருவர். அவரது குதிகால் தரையில் படும். சிவப்பு நிறத்தில் பெருக்கல் குறி. "இப்படி ஓடினா உங்க முட்டி காலி" என்று ஒரு குரல். 30 நொடியில் தீர்ப்பு முடிந்தது.

அடுத்த நாள் காலையிலேயே பலர் நுனிக்காலில் ஓட ஆரம்பிக்கிறார்கள். முதல் வாரம் ஏதோ புதுசாக, லேசாக ஓடுவதுபோல் இருக்கும். அதன்பிறகு கெண்டைக்கால் இறுகும், குதிகாலுக்கு மேலே வலிக்கும், படி இறங்கவே கஷ்டமாகும். முட்டியைக் காப்பாற்றப் போய் வேறு இடத்தில் அடிபட்டு, ஓடுவதையே நிறுத்தியவர்கள் உண்டு.

உண்மையில் நீண்ட தூரம் ஓடும்போது பாதத்தின் எந்தப் பகுதி முதலில் தரையில் படணும்? குதிகால் பட்டால் தப்பா? கடந்த 15 ஆண்டுகளுக்கும் மேலாக விளையாட்டு விஞ்ஞானிகள் சண்டை போட்ட கேள்வி இது. அந்தச் சண்டையின் கதையைத் தெரிந்துகொண்டால், ரீல்ஸ் எந்த இடத்தில் சறுக்குகிறது என்பது தானாகவே புரியும்.

கால் தரையில் படும்போது என்ன நடக்குது?

முதலில் அடிப்படை. ஒருவர் நிமிடத்துக்கு 165 அடி வைத்து, 10 கிலோமீட்டரை 70 நிமிடத்தில் முடிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் சுமார் 11,500 அடிகள். ஒவ்வொரு அடியிலும் அவரது உடல் எடையைப்போல 2 முதல் 3 மடங்கு விசை காலில் இறங்குகிறது. 70 கிலோ எடை உள்ளவர் என்றால் 140 முதல் 210 கிலோ வரை. நடக்கும்போது எப்போதும் ஒரு காலாவது தரையில் இருக்கும். ஓட்டத்தில் அப்படி இல்லை, இரண்டு கால்களும் காற்றில் இருக்கும் நேரம் உண்டு. எனவே ஒவ்வொரு அடியும் ஒரு சின்ன குதிப்பு மாதிரிதான்.

இந்தக் குதிப்பு தரையில் முடியும் விதத்தை மூன்றாகப் பிரிக்கிறார்கள். குதிகால் முதலில் படுவது ஒன்று. விரல்களுக்குப் பின்னால் இருக்கும் சதைப்பகுதி, அதாவது முன்பாதம், முதலில் படுவது இரண்டாவது. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் படும் நடுப்பாத வகை மூன்றாவது.

குதிகால் முதலில் படும்போது, தரை விசையை அளக்கும் கருவியில் ஒரு கூர்மையான சின்ன முகடு தெரியும். சுத்தியலால் லேசாக ஒரு தட்டு தட்டியதுபோல. முன்பாதத்தில் இறங்கும்போது அந்த முகடு பெரும்பாலும் தெரியாது. கெண்டைக்கால் தசையும், அதைக் குதிகால் எலும்போடு இணைக்கும் அக்கிலிஸ் தசைநாணும் ஸ்பிரிங் மாதிரி நீண்டு அந்த அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். ‘குதிகால் தப்பு’ என்ற வாதம் முழுக்க அந்தச் சின்ன முகட்டின் மேல் கட்டப்பட்டதுதான்.

இந்தப் பஞ்சாயத்து எங்கே ஆரம்பிச்சது?

2009-ல் அமெரிக்கப் பத்திரிகையாளர் கிறிஸ்டோபர் மெக்டூகல் எழுதிய ‘பார்ன் டு ரன்’ புத்தகம் வெளியானது. மெக்சிகோவின் காப்பர் கேன்யன் பள்ளத்தாக்குகளில் வாழும் தராஹுமாரா மக்கள், மெல்லிய செருப்பைக் கட்டிக்கொண்டு மணிக்கணக்கில் ஓடுவதைப் பற்றிய புத்தகம் அது. விற்பனையில் சக்கைப்போடு போட்டது. தடிமனான ஷூக்கள்தான் நம் கால்களைக் கெடுத்தன என்ற எண்ணம் பரவியது.

அடுத்த ஆண்டு, 2010 ஜனவரியில், ஹார்வர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் டேனியல் லீபர்மேன் குழுவின் ஆய்வு ‘நேச்சர்’ இதழில் வந்தது. சிறுவயதிலிருந்தே வெறுங்காலில் ஓடிய கென்யர்கள் பெரும்பாலும் முன்பாதத்தில் இறங்குகிறார்கள், ஷூ போட்டு வளர்ந்தவர்கள் பெரும்பாலும் குதிகாலில் இறங்குகிறார்கள் என்றது அந்த ஆய்வு. வெறுங்காலில், முன்பாதத்தில் இறங்குபவர்களுக்கு அந்த அதிர்ச்சி முகடு கிட்டத்தட்ட இல்லவே இல்லை. ஆனால் இப்படி ஓடினால் காயம் வராது என்று அந்த ஆய்வு நிரூபிக்கவில்லை. அது விசையை அளந்ததே தவிர, காயங்களை எண்ணவில்லை. இந்த வித்தியாசம் செய்தித் தலைப்புகளில் காணாமல் போனது.

வெறுங்கால் ஓட்டத்துக்கு ஹீரோக்களும் ஏற்கெனவே இருந்தார்கள். 1960 ரோம் ஒலிம்பிக்கில் எத்தியோப்பியாவின் அபேபே பிகிலா வெறுங்காலில் ஓடி மாரத்தான் தங்கம் வென்றார். இந்தியாவின் ஷிவ்நாத் சிங்கும் வெறுங்கால் ஓட்டத்துக்குப் பெயர் பெற்றவர். 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக் மாரத்தானில் 11-வது இடம். 1978-ல் ஜலந்தரில் அவர் பதித்த 2 மணி 12 நிமிட ஓட்டம் பல பத்தாண்டுகள் தேசிய சாதனையாக நின்றது. பிகிலா பற்றி ரீல்ஸ் சொல்லாத ஒரு தகவலும் உண்டு. 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் அவர் ஷூ போட்டு ஓடினார். அப்போதும் தங்கம்தான், ரோமைவிட 3 நிமிடம் வேகமாக!

விரல் விரலாக ஒரு ஷூ, பிறகு ஒரு வழக்கு

இந்த அலையில் உச்சத்துக்குப் போனது ‘விப்ரம் ஃபைவ்ஃபிங்கர்ஸ்’. ஐந்து விரலுக்கும் தனித்தனி உறை வைத்த, கையுறை மாதிரியான ஷூ. ஆயிரக்கணக்கானவர்கள் பழைய ஷூவைத் தூக்கிப்போட்டுவிட்டு இதற்கு மாறினார்கள்.

இப்படி மாறியவர்களின் காலுக்குள் என்ன நடக்கிறது என்று அமெரிக்காவின் பிரிகாம் யங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பார்த்தார்கள். அனுபவமுள்ள ஓட்டக்காரர்கள் 36 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு குழுவை 10 வாரத்தில் மெதுமெதுவாக இந்த ஷூவுக்கு மாற்றினார்கள். முன்னும் பின்னும் பாதத்துக்கு எம்.ஆர்.ஐ. ஸ்கேன். புது ஷூவுக்கு மாறிய 19 பேரில் 10 பேருக்குப் பாத எலும்புகளின் மஜ்ஜையில் நீர்கோத்தல் அதிகரித்திருந்தது. வழக்கமான ஷூவிலேயே ஓடிய 17 பேரில் ஒருவருக்கு மட்டும்தான் அப்படி. இந்த நீர்கோத்தல் என்பது எலும்பு சுமை தாங்காமல் திணறுவதன் ஆரம்ப அடையாளம். கவனிக்காமல் ஓடினால் மயிரிழை விரிசலில், அதாவது ஸ்ட்ரெஸ் ஃபிராக்சரில் கொண்டுபோய் விடலாம். 2013-ல் வந்த ஆய்வு இது. இத்தனைக்கும் இவர்கள் ரீல்ஸ் பார்த்து மறுநாளே மாறியவர்கள் இல்லை. நிறுவனம் சொன்ன படிப்படியான முறையைப் பின்பற்றியவர்கள்.

2014-ல் விப்ரம் நிறுவனம், தன் விளம்பர வாக்குறுதிகள் தொடர்பாக அமெரிக்காவில் தொடரப்பட்ட வழக்கை 37.5 லட்சம் டாலர் கொடுத்து சமரசமாக முடித்துக்கொண்டது. காலை வலுவாக்கும், காயத்தைக் குறைக்கும் என்ற விளம்பரங்களுக்குப் போதிய அறிவியல் ஆதாரம் இல்லை என்பதுதான் வழக்கு. நிறுவனம் தவறை ஒப்புக்கொள்ளவில்லை, ஆனால் வாங்கியவர்களுக்குப் பணம் திருப்பித் தரப்பட்டது. அதோடு வெறுங்கால் அலை வேகமாக வடிந்தது.

வெறுங்காலில் ஓடுறவங்க எல்லாருமே முன்பாதமா?

இங்கதான் ட்விஸ்ட். 2013-ல் வட கென்யாவின் டாசனாச் மக்களிடம் இன்னொரு ஆய்வு நடந்தது. இவர்களும் பிறந்ததிலிருந்து வெறுங்காலில் வாழ்பவர்கள்தான். 38 பேரை, அவர்களுக்கு வசதியான நீண்ட தூர வேகத்தில் ஓடச் சொன்னார்கள். அந்த வேகத்தில் 72 சதவீத அடிகள் குதிகாலில்தான் பட்டன! வேகத்தைக் கூட்டச் சொன்னபோதுதான் நடுப்பாதமும் முன்பாதமும் அதிகம் தலைகாட்டின.

அதே ‘பார்ன் டு ரன்’ தராஹுமாரா மக்களிடமே லீபர்மேன் பிறகு போய்ப் பார்த்தார். பாரம்பரியச் செருப்பில் ஓடியவர்களிலேயே சுமார் 30 சதவீதம் குதிகால், 40 சதவீதம் நடுப்பாதம், 30 சதவீதம் முன்பாதம் என்று கலந்து கிடந்தது. 2014-ல் இதையும் அவரே வெளியிட்டார். தன் பழைய ஆய்வின் மேல் எழுந்த கோபுரத்தைத் தானே கொஞ்சம் இறக்கியவர் என்று சொல்லலாம்.

இதிலிருந்து ஒன்று தெரிகிறது. பாதம் எப்படிப் படுகிறது என்பதை ஷூ மட்டும் முடிவு செய்வதில்லை. வேகம், தரை, பழக்கம் எல்லாமே சேர்ந்து முடிவு செய்கின்றன. 100 மீட்டர் ஓடுபவர் நுனிக்காலில்தான் பறப்பார், அந்த வேகத்துக்கு அதுதான் சரி. கிலோமீட்டருக்கு 7 நிமிடம் என்று மெதுவாக ஓடுபவர், கிலோமீட்டரை 3 நிமிடத்துக்கும் குறைவாக ஓடும் கிப்சோகேவின் பாதத்தை மட்டும் கடன் வாங்கினால் எப்படி?

உலகத்தரம் வாய்ந்தவங்க எப்படி ஓடுறாங்க?

2004-ல் ஜப்பானின் சப்போரோ நகரில் நடந்த சர்வதேச அரை மாரத்தானில், 15-வது கிலோமீட்டரில் கேமரா வைத்துப் படம் பிடித்தார்கள். தெளிவாகத் தெரிந்த 283 பேரில் 74.9 சதவீதம் குதிகால். நடுப்பாதம் 23.7. முன்பாதம் வெறும் 1.4 சதவீதம். முதலில் வந்த 50 பேரை மட்டும் எடுத்தால் குதிகால் 62 சதவீதமாகக் குறைந்தது, நடுப்பாதம் கூடியது. ‘பார்த்தீங்களா, வேகமானவங்க குதிகாலில் ஓடலை’ என்று சிலர் இதைத்தான் தூக்கிப் பிடித்தார்கள். முதல் 50 பேரிலும் பாதிக்கு மேல் குதிகால்தான் என்பதைச் சௌகரியமாக விட்டுவிட்டார்கள்.

2017 லண்டன் உலக சாம்பியன்ஷிப் மாரத்தானில் இன்னும் விரிவாகப் பார்த்தார்கள். ஆண்கள் 71 பேர், பெண்கள் 78 பேர். ஓட்டத்தின் நான்கு இடங்களில் படம்பிடிப்பு. எந்த இடத்திலும் குதிகாலில் இறங்கியவர்கள் ஆண்களில் 54 சதவீதத்துக்கும், பெண்களில் 67 சதவீதத்துக்கும் குறையவே இல்லை. இவர்கள் எல்லாம் தங்கள் நாட்டின் ஜெர்சி போட்டு உலகப் போட்டிக்கு வந்தவர்கள். இவர்களுக்கெல்லாம் சிவப்புக் குறி போடுவதா?

சாதாரண ஓட்டக்காரர்களிடம் இது இன்னும் அதிகம். அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் 2009-ல் நடந்த மான்செஸ்டர் நகர மாரத்தானில் 10-வது கிலோமீட்டரில் 936 பேரைப் பார்த்தார்கள். 88.9 சதவீதம் குதிகால். மாரத்தான் ஓடியவர்களை 32-வது கிலோமீட்டரில் மீண்டும் பார்த்தபோது அது இன்னும் ஏறியிருந்தது. களைப்பு வந்தால் கெண்டைக்கால் தசை முதலில் கைவிடும், பாதம் குதிகாலுக்கு நகரும் என்று இதை விளக்கலாம். மாரத்தானின் கடைசிக் கட்டத்தில் எடுத்த புகைப்படத்தில் தன் காலைப் பார்த்து அதிர்ச்சி அடைபவர்கள் கொஞ்சம் ஆறுதல் அடையலாம்.

அப்போ எப்படி ஓடினாலும் ஒண்ணுதானா?

அப்படியும் சொல்லிவிட முடியாது. 2012-ல் ஹார்வர்டு பல்கலைக்கழக கிராஸ் கன்ட்ரி அணியின் 52 பேரின் காயப் பதிவேடுகளை ஆராய்ந்தார்கள். குதிகாலில் இறங்கியவர்களுக்கு, திரும்பத் திரும்ப ஏற்படும் அழுத்தத்தால் வரும் காயங்கள் முன்பாதத்தினரைவிட சுமார் இரண்டு மடங்கு. ஆனால் அது ஒரே கல்லூரி அணி, பழைய பதிவேடுகளை வைத்துப் பார்த்தது, எண்ணிக்கையும் சின்னது.

2020-ல் ‘ஸ்போர்ட்ஸ் மெடிசின்’ இதழில், அதுவரை வந்த ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பாய்வு வந்தது. பாதம் படும் முறையை மாற்றினால் காயம் குறையும் என்பதற்கோ, ஆற்றல் மிச்சமாகும் என்பதற்கோ போதிய ஆதாரம் இல்லை என்பது அதன் முடிவு. காயமே இல்லாமல் ஓடிக்கொண்டிருப்பவரை மாற்றச் சொல்வதற்குக் காரணமே இல்லை என்று இதை எளிதாகப் புரிந்துகொள்ளலாம்.

ஏன் இப்படிக் குழப்பம்? ஏனென்றால் சுமை எங்கேயும் மறைந்து போவதில்லை. குதிகாலில் இறங்கினால் முட்டிக்கும், கணைக்கால் எலும்புக்கும் அதிக வேலை. முன்பாதத்தில் இறங்கினால் அந்த வேலை கெண்டைக்கால், அக்கிலிஸ் தசைநாண், பாத எலும்புகளுக்குப் போகிறது. முட்டி பிசியோதெரபிஸ்டிடம் போகவேண்டியவர், குதிகால் பிசியோதெரபிஸ்டிடம் போவார், அவ்வளவுதான்.

ஹாங்காங்கில் நடந்த ஒரு ஆய்வு இதைக் கச்சிதமாகக் காட்டியது. 2018-ல் வெளியான அந்த ஆய்வில் புதிதாக ஓட ஆரம்பித்த 320 பேர். ஒரு குழுவினர் டிரெட்மில்லில் ஓடும்போது, கால் தரையில் மோதும் விசை எதிரே திரையில் தெரியும். அதைப் பார்த்து ‘மெதுவாக இறங்கி’ ஓடப் பழக வேண்டும். ஓராண்டு கழித்துப் பார்த்தால், பயிற்சி பெற்றவர்களில் 16 சதவீதம் பேருக்குக் காயம், பெறாதவர்களில் 38 சதவீதம். பெரிய வித்தியாசம்தான். ஆனால் காயத்தின் வகையையும் பிரித்துப் பார்த்தார்கள். பயிற்சி பெறாதவர்களுக்கு முட்டி வலியும் உள்ளங்கால் வலியும் அதிகம். பயிற்சி பெற்றவர்களுக்கு வந்த காயங்களில் அக்கிலிஸ், கெண்டைக்கால் பிரச்னைகள் அதிகம்.

கவனிக்க வேண்டியது: அவர்களிடம் ‘முன்பாதத்தில் இறங்கு’ என்று யாரும் சொல்லவில்லை. மெதுவாக இறங்கு என்றுதான் சொன்னார்கள். கால் தானாக வழியைக் கண்டுபிடித்தது.

சரி, எதைத்தான் பார்க்கணும்?

பாதத்தின் எந்தப் பகுதி படுகிறது என்பதைவிட, பாதம் உடலிலிருந்து எவ்வளவு முன்னால் போய் விழுகிறது என்பதைத்தான் இப்போது பல பயிற்சியாளர்களும் பிசியோதெரபிஸ்டுகளும் முதலில் பார்க்கிறார்கள். இதை ஆங்கிலத்தில் ‘ஓவர்ஸ்டிரைடிங்’ என்பார்கள். நம்ம ஊர் பி.டி. வாத்தியார்கள் ‘எட்டி எட்டி வைக்காதே’ என்று கத்துவார்களே, அதுதான்.

முட்டியை நேராக நீட்டி, காலை உடலுக்கு வெகுதூரம் முன்னால் வைத்தால், அந்தக் கால் ஒரு பிரேக் மாதிரி வேலை செய்யும். ஒவ்வொரு அடியிலும் கொஞ்சம் பிரேக், பிறகு மறுபடி ஆக்ஸிலேட்டர். நேராக நீட்டிய முட்டியால் அதிர்ச்சியை வாங்கவும் முடியாது. மடங்கிய முட்டி ஷாக் அப்சார்பர், நீட்டிய முட்டி இரும்புக் கம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். எட்டி வைப்பவர்கள் பெரும்பாலும் குதிகாலில்தான் இறங்குவார்கள் என்பதால், பழி முழுக்க குதிகால் மேல் விழுந்துவிட்டது. ஆனால் உடலுக்கு அருகிலேயே, முட்டி லேசாக மடங்கிய நிலையில், மென்மையாகக் குதிகாலில் இறங்க முடியும். லண்டனில் ஓடிய அந்தப் பெரும்பான்மையினரைப் பார்த்தால் தெரியும். முன்பாதத்தில் இறங்கிக்கொண்டே எட்டி வைப்பவர்களும் இருக்கிறார்கள். ரீல்ஸ் பார்த்து மாறுபவர்களில் பலர் இந்த ரகம்தான். கால் அதே தூரத்தில்தான் விழும், விரல் நுனி மட்டும் கீழே திரும்பியிருக்கும். இரண்டு உலகத்தின் கெட்டதும் ஒன்றாகச் சேர்ந்த ஓட்டம் அது.

எட்டி வைப்பதைக் குறைக்க எளிய வழி அடிகளின் எண்ணிக்கையைக் கூட்டுவது. ஓடுபவர்கள் இதை ‘கேடன்ஸ்’ என்பார்கள், நிமிடத்துக்கு எத்தனை அடி என்ற கணக்கு. வேகத்தை மாற்றாமல் அடிகளைக் கூட்டினால் ஒவ்வொரு அடியின் நீளமும் குறைந்தே ஆகணும், கால் உடலுக்குப் பக்கத்தில் வந்தே ஆகணும். 2011-ல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் பிரையன் ஹைடர்ஷைட் குழு 45 பேரை வைத்து இதைச் சோதித்தது. அடிகளை வெறும் 5 சதவீதம் கூட்டியதிலேயே முட்டி வாங்கும் சுமை கணிசமாகக் குறைந்தது. 10 சதவீதம் கூட்டினால் இடுப்பு மூட்டின் சுமையும் குறைந்தது. பாதத்தை இப்படி வை, அப்படி வை என்று ஒரு வார்த்தை சொல்லாமலே!

180 என்ற மந்திர எண்

கேடன்ஸ் என்றதும் ஸ்மார்ட் வாட்ச் கட்டியவர்கள் சொல்லும் எண் 180. இது எங்கிருந்து வந்தது? 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் பிரபல பயிற்சியாளர் ஜாக் டேனியல்ஸ் வீரர்களின் அடிகளை எண்ணினார். கிட்டத்தட்ட எல்லாருமே நிமிடத்துக்கு 180 அல்லது அதற்கு மேல். அது ஒலிம்பிக் வீரர்கள் பந்தய வேகத்தில் ஓடியபோது எடுத்த கணக்கு. காலப்போக்கில் ‘எல்லாரும் 180-ல் ஓடணும்’ என்று மாறிவிட்டது.

2016-ல் நடந்த 100 கிலோமீட்டர் உலக சாம்பியன்ஷிப்பில் 20 பேரின் அடிகளை ஆய்வாளர்கள் பார்த்தார்கள். சராசரி 182. அட, சரியாத்தானே இருக்கு என்று தோன்றும். ஆனால் தனித்தனியாகப் பார்த்தால் ஒருவர் 155, இன்னொருவர் 203! இருவரும் உலகத்தரம். உயரம், வேகம், கால் நீளம், பழக்கம் என்று எல்லாமே ஆளுக்கு ஆள் மாறும். 158-ல் ஓடும் ஒருவர் ஒரே வாரத்தில் 180-க்குத் தாவுவது என்பது 14 சதவீத மாற்றம். அவருக்கு 164, 166 போதும். அதுவும் முட்டியிலோ கணைக்காலிலோ தொந்தரவு இருந்தால்தான்.

உங்க ஓட்டத்தை நீங்களே பார்க்கலாம்

இதற்கு லேப் எல்லாம் வேண்டாம். செல்போனை இடுப்பு உயரத்தில், பக்கவாட்டில் பிடிக்க ஒரு நண்பர் போதும். ஸ்லோ மோஷன் ஆன் செய்து, வார்ம் அப் முடிந்து ஒரு 10 நிமிடம் ஓடிய பிறகு, வழக்கமான வேகத்தில் கேமராவைக் கடந்து போகணும். கேமரா இருக்கிறது என்று தெரிந்தாலே ஆள் கிப்சோகே ஆகிவிடுவார் என்பதால், நாலைந்து முறை எடுத்து கடைசி வீடியோவைப் பார்ப்பது நல்லது.

கால் தரையைத் தொடும் நொடியில் வீடியோவை நிறுத்துங்கள். பாதத்தை உடனே பார்க்க வேண்டாம். முட்டிக்கும் கணுக்காலுக்கும் இடையில் ஒரு கோடு கற்பனை செய்யுங்கள். அந்தக் கோடு கிட்டத்தட்ட செங்குத்தாக இருந்தால் பெரிய கவலை இல்லை, குதிகால் முதலில் பட்டிருந்தாலும் சரி. கணுக்கால் முட்டியைத் தாண்டி முன்னால் நீட்டிக்கொண்டு, முட்டியும் விறைப்பாக இருந்தால் அது எட்டி வைப்பது. காதுக்கும் வேலை கொடுக்கலாம். டிரெட்மில்லில் ‘தொம் தொம்’ என்று பக்கத்து ஆள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சத்தம் வந்தால் இறக்கம் கடினமாக இருக்க வாய்ப்புண்டு.

மாற்ற வேண்டும் என்று முடிவெடுத்தால், செல்போனில் மெட்ரோனோம் ஆப் ஒன்றை இப்போதைய கேடன்ஸைவிட 5 சதவீதம் அதிகமாக வைத்து, ஓட்டத்தின் நடுவே ஒரு நிமிடம் மட்டும் அந்தத் தாளத்தில் ஓடிவிட்டு, மீண்டும் வழக்கத்துக்குத் திரும்புவது பாதுகாப்பான வழி. வாரம் போகப் போக அந்த ஒரு நிமிடங்களைக் கூட்டலாம். இந்தக் காலகட்டத்தில் தூரத்தையும் வேகத்தையும் கூட்டக் கூடாது. அடுத்த மாதம் மாரத்தான் இருக்கிறது என்றால், இப்போது கை வைக்கவே வேண்டாம். பழைய ஓட்டத்திலேயே முடித்துவிட்டுப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இன்னொரு விஷயம், அதிகம் பேசப்படாதது. சாலையின் ஓரம் மழைநீர் வடிய சரிவாக இருக்கும். எப்போதும் ஒரே ஓரத்தில் ஓடுபவருக்கு ஒரு கால் உயரத்திலும் மறுகால் பள்ளத்திலும் படும். ஒரு காலில் மட்டும் வலி வருகிறது என்றால், பாதத்தை மாற்றுவதற்கு முன் ஓடும் பாதையை மாற்றிப் பார்ப்பது செலவில்லாத வைத்தியம்.

ஷூ மாத்தினா சரியாகுமா?

கடைகளில் டிரெட்மில்லில் ஓடவிட்டு, ‘கெய்ட் அனாலிசிஸ்’ என்று வீடியோ எடுத்துக் காட்டி ஷூ பரிந்துரைப்பது இப்போது சகஜம். தமிழில் ‘நடை’ என்ற ஒரே சொல்லில் அடங்கிவிடும் விஷயம்தான், பெயர் ஆங்கிலத்தில் வந்தால் பில் கொஞ்சம் ஏறும். அந்த வீடியோவில் தவறில்லை. அதைக் காட்டி ‘உங்க காலுக்கு இந்த ஷூதான் மருந்து’ என்று சொன்னால்தான் யோசிக்கணும்.

ஷூவில் பார்க்க வேண்டிய ஒரு எண், ‘டிராப்’. குதிகால் பகுதி முன்பகுதியைவிட எத்தனை மில்லிமீட்டர் உயரம் என்பதுதான் அது. வழக்கமான ஓட்ட ஷூக்களில் 8 முதல் 12 வரை இருக்கும். திடீரென 0 அல்லது 4-க்கு இறங்கினால் கெண்டைக்காலும் அக்கிலிஸும் கூடுதல் வேலை பார்க்கணும். பாதம் படும் முறையை மாற்றாமலேயே அதே வலி வந்து சேரும்.

அப்புறம் ‘சூப்பர் ஷூ’. 2017-ல் நைக்கி நிறுவனம் கார்பன் தகடும் புதுவகை நுரையும் வைத்து வேப்பர்ஃப்ளை ஷூவைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. கொலராடோ பல்கலைக்கழகத்தில் 18 வீரர்களை வைத்து நடந்த ஆய்வில் சராசரியாக 4 சதவீதம் ஆற்றல் மிச்சமானது. சாதனைகள் சரியத் தொடங்கியதும், உலக தடகள அமைப்பு 2020 ஜனவரியில் சாலை ஓட்ட ஷூவின் அடித்தடிமன் 40 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது, ஒரு தகடுக்கு மேல் இருக்கக் கூடாது என்று விதி போட்டது. அந்த 4 சதவீதம் குதிகாலில் இறங்குபவர்களுக்கும் கிடைத்தது என்பதைக் கவனிக்கணும். முன்பாதத்தில் ஓடினால்தான் கார்பன் ஷூ வேலை செய்யும் என்பது கடைப் பேச்சு.

ஆனால் தினசரி ஓட்டத்துக்கும் இதையே போடுவது வேறு கதை. 2023-ல் அமெரிக்க மருத்துவர்கள், கார்பன் ஷூவில் ஓடிய 5 வீரர்களுக்குப் பாதத்தின் நடுவே இருக்கும் நாவிகுலர் எலும்பில் அழுத்தக் காயம் ஏற்பட்டதைப் பதிவு செய்தார்கள். ஐந்து பேரை வைத்து ஷூ மேல் குற்றம் சுமத்த முடியாது. ஆனால் அவர்கள் சொன்ன அறிவுரை பழையதுதான்: திடீர் என்று மாறாதீர்கள், உடலுக்கு நேரம் கொடுங்கள். 20 ஆயிரம் ரூபாயைத் தாண்டும் ஷூவை வாங்கியவர்கள் அதை தினமும் போட ஆசைப்படுவது இயல்புதான். பந்தய நாளுக்கும், சில வேக ஓட்டங்களுக்கும் மட்டும் எடுத்தால் ஷூவும் கூடுதல் நாள் உழைக்கும்.

எப்போ டாக்டர்கிட்ட போகணும்?

கெண்டைக்கால் முழுக்கப் பரவலாக வலித்து, இரண்டு நாள் ஓய்வில் குறைந்தால் அது பெரும்பாலும் தசை வலி. கணைக்கால் எலும்பிலோ பாதத்தின் மேற்பகுதியிலோ ஒரே ஒரு இடத்தை விரலால் அழுத்தும்போது ‘சுரீர்’ என்றால் விஷயம் வேறு. ஓட ஓட அந்த வலி கூடுகிறது, நடக்கும்போதும் இருக்கிறது, ராத்திரி படுத்த பிறகும் விடவில்லை என்றால் ஓட்டத்தை அன்றே நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரைப் பார்க்கணும். மயிரிழை விரிசல் ஆரம்பத்தில் சாதாரண எக்ஸ்-ரேயில் தெரியாமல் போகலாம். எக்ஸ்-ரே நார்மல் என்று வந்தும் அதே இடத்தில் வலி தொடர்ந்தால், எம்.ஆர்.ஐ. தேவையா என்று டாக்டரிடம் கேட்கத் தயங்க வேண்டாம். குதிகாலுக்கு மேலே, அக்கிலிஸ் தசைநாணில் ‘படார்’ என்று சத்தம் கேட்டு, நுனிக்காலில் எழும்பவே முடியவில்லை என்றால் அது அவசர சிகிச்சைக்குப் போக வேண்டிய கேஸ்.